கோழி ஏன் இறகு உதிர்க்கிறது?



பந்திங் வட்டாரத்தில் கொல்லைப்புறத்தில் நாலு கோழி வளர்க்காத தோட்டத்துக் குடும்பம் முன்பெல்லாம் அபூர்வம். இன்று லயத்து வீடுகள் பல மறைந்துவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. தெலுக் டத்தோவைச் சுற்றி வரிசை வீடுகள் எழுந்துவிட்டன. ஆயினும் தோட்டத்தை ஒட்டிய வீடுகளிலும் கம்பங்களிலும் கோழிக்கூடு இன்னும் இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கோழிகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும் கேள்விகளில் முதலிடம் பெறுவது ஒன்றுதான்: "சார், எங்கள் கோழிக்கு இறகு கொட்டுகிறது. என்ன சீக்கு?"

இறகு கொட்டுவது ஒரு சீக்கின் பெயரன்று. நமக்குக் காய்ச்சல் வருவதைப் போல அது ஓர் அடையாளம். அதற்குப் பின்னால் ஐந்தாறு காரணங்கள் இருக்கலாம். சில காரணங்கள் கோழிக்கு இயல்பானவை, மருந்தே வேண்டாதவை. சில, உடனே கவனிக்காவிட்டால் கோழியைக் கொன்றுவிடும். எது எது என்று பிரித்தறியாமல் கையில் கிடைத்த மருந்தைத் தெளித்தால் அந்த மருந்து முட்டை வழியாக நம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகும். பிரித்தறிய விருப்பமில்லாமல் "இது தேறாது" என்று குழம்பு வைத்துவிட்டாலோ, கூட்டிலேயே நன்றாக முட்டையிடும் கோழியை நாமே அறுத்தவர்களாவோம். இவ்விரண்டும் நம் வட்டாரத்தில் நடப்பவைதாம். ஆகவே, ஒரு கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இன்று பார்ப்போம்.

முதலில், இறகு என்பது என்ன? நம் நகமும் தலைமயிரும் எந்த வகைப் பொருளால் ஆனவையோ, அதே வகையான கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது அது. வளரும்போது அதன் தண்டுக்குள் இரத்தம் ஓடும். அப்போது அது மெழுகு உறைக்குள் சுருட்டி வைத்த முள்ளைப் போலத் தோன்றும். நாம் முள்ளிறகு என்றோ குருத்திறகு என்றோ சொல்வது இதைத்தான். வளர்ந்து முடிந்ததும் இரத்தம் வற்றிவிடும். அதன்பின் அந்த இறகு உயிரற்ற பொருள். கிழிந்தால் தானாக ஒட்டாது. வெளுத்தால் மறுபடி நிறம் பெறாது. வெயிலும் மழையும் பட்டு, முட்புதரில் உரசித் தேய்ந்துபோன சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுச்சட்டை போடுவதைத் தவிர கோழிக்கு வேறு வழியில்லை. இந்தச் சட்டை மாற்றும் காலத்தைத்தான் இறகுதிர்ப்புக் காலம் என்கிறோம்.

நம் கொல்லைக் கோழியின் முன்னோர் எங்கோ தொலைவில் இருந்தவர்கள் அல்லர். செம்பனைத் தோட்டத்து ஓரங்களிலும் காட்டு விளிம்புகளிலும் விடியற்காலையில் கூவுகின்ற சிவப்புக் காட்டுக்கோழியின் வழித்தோன்றலே அது. மலாய்க்காரர் இதனை அயாம் ஊத்தான் என்பர். உலகெங்கும் உள்ள கோழிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, மியன்மார், வட தாய்லாந்து, தென்மேற்குச் சீனா ஆகிய பகுதிகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் மூல இனம் என்று காட்டியது. தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் நிறக் கால், தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து கலந்து வந்த மரபணுவால் ஏற்பட்டது என்று 2008-ல் கண்டறிந்தனர். காட்டுச் சேவலும் இறகுதிர்க்கிறது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் கழுத்தில் தொங்கும் பொன்னிற இறகுகள் உதிர்ந்து, சிறிது காலத்துக்குக் கருநிறக் குட்டை இறகுகள் முளைக்கும். அப்போது அதைப் பார்ப்பவர் வேறு பறவையோ என்று ஐயுறுவார். காட்டில் மருந்து தெளிக்க ஆளில்லை. அது தானாகவே மறுபடி அழகாகிவிடுகிறது.

வீட்டுக்கோழியின் இறகுதிர்ப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தலை, பிறகு கழுத்து, அதன்பின் நெஞ்சும் உடலும், அடுத்துச் சிறகு, கடைசியில் வால். எல்லாக் கோழியும் இந்த வரிசையை அச்சுப்பிசகாமல் பின்பற்றும் என்று சொல்ல முடியாது. ஆனால் மேலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதி விடை தோலில் இருக்கிறது. வெறுமையான இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அரிசி முனைபோல் குருத்துகள் குத்தினால் அது இறகுதிர்ப்புத்தான். தோல் சிவக்காமல், பொருக்கு இல்லாமல் இருந்தால் கவலையே வேண்டாம். அந்தக் குருத்துகளைத் தொட்டால் கோழிக்கு வலிக்கும். ஆகையால் அக்காலத்தில் அடிக்கடி பிடித்துத் தூக்காமல் இருப்பது நல்லது.

பிறந்து ஓராண்டு ஆகாத கோழிக்கு இந்த முழு இறகுதிர்ப்பு பெரும்பாலும் வராது. குஞ்சுகள் வளரும்போது சிறுசிறு இறகு மாற்றங்கள் பலமுறை நடக்கும். பரட்டைத் தலையோடு திரியும் விடலைக் கோழியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

இங்கே ஒரு கணக்கு. ஒன்றரைக் கிலோ நிறையுள்ள ஒரு கம்பத்துக் கோழியை எடுத்துக்கொள்வோம். கோழியின் நிறையில் நூற்றுக்கு 4 முதல் 8 பங்கு வரை இறகு. நடுவாக 6 என்று வைத்தால் 90 கிராம் இறகு. இறகில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவானது புரதம். ஆக ஏறக்குறைய 80 கிராம் புரதம். சிறிய நாட்டுக்கோழி முட்டை ஒன்றில் சுமார் 5 கிராம் புரதம் இருக்கிறது. எண்பதை ஐந்தால் வகுத்தால் 16 வருகிறது. அதாவது, புதுச்சட்டை ஒன்றை முழுமையாகத் தைத்துக்கொள்ள ஒரு கோழி பதினாறு முட்டைக்கான பொருளைச் செலவிடுகிறது. ஓர் ஈட்டில் அது இடும் முட்டைகள் அவ்வளவும் அதன் முதுகில் ஏறிவிட்டன என்று சொல்லலாம். இறகு கொட்டும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டதே என்று கோபித்துக்கொள்பவர்களுக்கு எங்கள் மாணவர்கள் சொல்லும் விடை இந்தக் கணக்குத்தான். ஐந்தாம் ஆண்டு மாணவனே கரும்பலகையில் போட்டுவிடுவான்.

இந்தக் கணக்கிலிருந்து தீவனத்துக்கும் வழி தெரிகிறது. நம் வீடுகளில் கோழிக்குப் போடுவது மீந்த சோறு, குருணை, துருவிய தேங்காய். வெளியே போனால் செம்பனையின் உதிரிப் பழத்தையும் கொத்தும். இவற்றில் மாவும் கொழுப்பும் இருக்கின்றன, புரதம் குறைவு. அரிசியில் நூற்றுக்கு 7 பங்களவே புரதம். முட்டைக்கோழித் தீவனத்திலோ 16, 17 பங்கு இருக்கும். குறிப்பாக, மெத்தியோனின் என்னும் கந்தகம் கலந்த புரதக்கூறு இறகுக்கு இன்றியமையாதது. மீனிலும் புழு பூச்சிகளிலும் அது நிறைய உண்டு. ஆகவே, இறகுதிர்ப்புக் காலத்தில் நெத்திலித் தலையையும் கருவாட்டுத் துண்டையும் நன்றாக ஊற வைத்து, உப்பைக் கழுவிப் போக்கிவிட்டு, இடித்துக் கலந்து கொடுங்கள். உப்பைப் போக்காமல் கொடுக்கவே கூடாது. மிகுந்த உப்பு கோழிக்கு நஞ்சு. கரையான் புற்று கிடைத்தால் அதைவிட நல்ல விருந்து வேறில்லை.

அடுத்தது காலம். இங்கிலாந்தில் எழுதப்பட்ட கோழி வளர்ப்புப் புத்தகங்கள், இலையுதிர் காலத்தில் பகல் குறுகும்போது கோழி இறகுதிர்க்கும் என்று சொல்லும். இலண்டனில் கோடையில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் பகல். குளிர்காலத்தில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. அந்த வேறுபாட்டைக் கோழியின் உடல் உணர்கிறது. பந்திங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்குள் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 20 நிமிடம்தான். நம் கோழிக்கு இலையுதிர் காலம் என்ற ஒன்று தெரியாது. ஆகவே இங்கே நாள்காட்டியைப் பார்ப்பதைவிட அந்தக் கோழியின் சொந்த வரலாற்றைப் பார்ப்பதே பொருத்தம். அது எப்போது கடைசியாக அடை படுத்தது? எப்போது குஞ்சுகளைப் பிரித்து விட்டது? முட்டையிட்டு, 21 நாள் அடை காத்து, குஞ்சுகளை வளர்த்து முடித்த களைப்பில்தான் நம் நாட்டுக்கோழி பெரும்பாலும் இறகுதிர்க்கிறது. இதனால் ஒரே கூட்டில் ஒரு கோழி பங்குனியிலும் இன்னொன்று ஐப்பசியிலும் உதிர்க்கலாம். தண்ணீர்ச் சட்டி ஓரிரு நாள் வறண்டு கிடந்தாலும், தீவனம் திடீரென்று நின்றாலும் காலம் தவறி இறகுதிர்ப்புத் தொடங்கிவிடும். வீட்டைப் பூட்டிக்கொண்டு பத்துமலைத் தைப்பூசத்துக்குப் போனவர்கள், திரும்பி வந்த சில நாளில் கோழி மொட்டையாகத் தொடங்கியதைக் கண்டால், யாரும் கண்ணூறு வைத்ததாக நினைக்க வேண்டாம். தண்ணீர்ச் சட்டியை நினைத்துப் பார்க்கலாம்.

இனி, சிறகைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். கோழியை மடியில் வைத்து ஒரு சிறகை மெல்ல விரியுங்கள். நடுவில் ஒரு குட்டை இறகு தெரியும். அதற்கு வெளிப்புறமாகச் சிறகின் நுனியை நோக்கிப் பத்துப் பெரிய இறகுகள் உண்டு. இவற்றில் அந்தக் குட்டை இறகுக்கு அடுத்துள்ளது முதலில் விழும்; பிறகு வரிசையாக நுனியை நோக்கிப் போகும். விழுந்த ஓர் இறகு முழு நீளம் வளர ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். பழைய இறகு வெளுத்து, ஓரம் கிழிந்து இருக்கும். புதியது பளபளப்பாக இருக்கும். பிரித்தறிவது எளிது.

சோம்பலான கோழி இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாக விடும். கணக்குப் பார்த்தால் பத்தாவது இறகு விழுவதற்கே பதினெட்டு வாரம்; அது வளர ஆறு வாரம்; ஆக 24 வாரம். நல்ல முட்டைக்கோழியோ மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று சேர்த்து விட்டுவிடும். பன்னிரண்டே வாரத்தில் வேலை முடிந்துவிடும். அதுமட்டுமன்று, நல்ல கோழி ஆண்டு முழுவதும் முட்டையிட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் இறகுதிர்க்கத் தொடங்கும். ஆகவே கூட்டிலேயே மிகவும் அலங்கோலமாக, ஒரேயடியாக மொட்டையாகி நிற்கும் கோழி பல வேளைகளில் மிகச் சிறந்த கோழி! வழுவழுவென்று பட்டுச்சேலை உடுத்தியதுபோல் நிற்பது எப்போதோ ஓய்வெடுத்துக்கொண்ட கோழி. தீபாவளி நெருங்கும்போது நம் வீடுகளில் எதை அறுக்கிறோம் என்பதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இயல்பான காரணம் இவ்வளவு. இனி ஒட்டுண்ணிகளுக்கு வருவோம். நம் ஊர்ப் பேச்சில் பேன், செள்ளு, உண்ணி எல்லாவற்றுக்கும் "செள்ளு" என்ற ஒரே பெயர்தான். ஆனால் இரண்டு பகைவர்களின் பழக்கம் முற்றிலும் வேறு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்குப் பயன்படாது.

கோழிப்பேன் வைக்கோல் நிறமானது, கண்ணுக்குத் தெரியும். அது பிறப்பதும் வாழ்வதும் சாவதும் கோழியின் உடலிலேயே. தோல் செதிலையும் இறகையும் கடித்துத் தின்னும். எருவாய்க்குக் கீழே உள்ள மெல்லிய இறகுகளை விலக்கிப் பார்த்தால், வெளிச்சம் பட்டதும் விறுவிறுவென்று ஓடும். இறகின் அடித்தண்டில் வெள்ளையாகச் சர்க்கரை ஒட்டியதுபோல் கொத்துக் கொத்தாக ஈர் இருக்கும். முட்டை பேனாகி மறுபடி முட்டையிட மூன்று வாரமளவு ஆகும்.

செம்பூச்சி என்று நாம் சொல்லப்போவது வேறு ஆள். பகலில் கோழியின் மேல் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கூட்டின் பலகை இடுக்கிலும், கோழி உட்காரும் கம்பின் அடியிலும், முட்டைப் பெட்டியின் மூலையிலும் ஒளிந்திருக்கும். இரவில் ஏறி இரத்தம் குடித்துவிட்டு விடியுமுன் இறங்கிவிடும். வெப்பமான ஊரில் பத்து நாளுக்குள் ஒரு தலைமுறை பெருகிவிடும். கோழியின் கொண்டை வெளுக்கும். மாலையில் கூட்டுக்குள் போக மறுக்கும். அடைக்கோழி அடையை விட்டு எழுந்து ஓடும். குஞ்சுகள் இரத்தமின்றிச் சாவதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைத் துணி போதும். இரவு ஒன்பது மணிக்கு மேல் கைவிளக்கோடு போய், கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை அந்தத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் ஐயமே இல்லை. சமையலறைச் சுவரை ஒட்டிக் கூடு கட்டியிருக்கும் வீடுகளில் மனிதருக்கும் இரவில் அரிப்பு ஏற்படும். அதற்கும் இப்பூச்சியே காரணமாகலாம். வெப்பநாடுகளில் கோழியின் மேலேயே தங்கிவிடும் இன்னொரு வகைச் செள்ளும் உண்டு. அது இருந்தால் எருவாய் இறகுகள் கறுத்து, பிசுபிசுத்து, ஒட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதாக, இறகின் வேருக்கே துளைத்துச் செல்லும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கிறது. அரிப்புத் தாங்காமல் கோழி தன் இறகைத் தானே பிடுங்கும். இதை உறுதி செய்யக் கால்நடை மருத்துவரின் நுண்ணோக்கி வேண்டும். நாம் ஊகிக்க வேண்டாம்.

வைத்தியம் கோழிக்கே தெரியும்: புழுதிக் குளியல். உலர்ந்த மண்ணில் புரண்டு, சிறகடித்து, ஒவ்வோர் இறகுக்கும் இடையில் தூளை ஏற்றிப் பின் உதறும். பேனை அந்தத் தூள் வாட்டுகிறது. ஆனால் நம் ஊரில் தொல்லை என்னவென்றால் உலர்ந்த மண்ணே இல்லை. லங்காட் ஆற்றுச் சமவெளி தாழ்ந்த நிலம். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலைதோறும் மழை கொட்டும்போது கொல்லை முழுவதும் சேறு. பழைய லாரி டயர் ஒன்றையோ உடைந்த தொட்டியையோ கூரைக்கடியில் வைத்து, சலித்த மண்ணும் விறகடுப்புச் சாம்பலும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பி வையுங்கள். எரிவாயு அடுப்பு வந்தபின் சாம்பலுக்குப் பஞ்சம்தான். தேங்காய் மட்டையை எரித்த சாம்பல் சேர்த்து வைக்கலாம். நெகிழிப் பை எரிந்த சாம்பல் ஆகாது. முற்றிய பேனுக்கு, கோழிக்கென்றே செய்யப்பட்ட பொடியைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கித் தடவி, பத்து நாள் கழித்து மறுமுறையும் தடவ வேண்டும். முதல் முறையில் பேன் சாகும். ஈர் சாகாது என்பதே காரணம்.

செம்பூச்சிக்குக் கோழியைக் குளிப்பாட்டிப் பயனில்லை. கூட்டைத்தான் குளிப்பாட்ட வேண்டும். முட்டைப் பெட்டியின் பழைய வைக்கோலை எரித்துவிட்டு, கம்புகளைக் கழற்றி வெயிலில் போட்டு, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, உலர்ந்தபின் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் இதைச் செய்ய வேண்டும்.

செய்யக்கூடாத ஒன்றைச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறோம். செடிக்குத் தெளிக்கும் மருந்தையும், கரப்பானுக்கும் கொசுவுக்கும் அடிக்கும் மருந்தையும் கோழி மேல் தெளிக்காதீர்கள். தோட்டப்புறத்தில் மருந்துத் தோம்பு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் வந்த பழக்கம் இது. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித் தெளித்ததில் மறுநாள் காலையில் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. கோழி சாகாமல் தப்பினாலும் ஆபத்து தீர்ந்ததன்று. கொழுப்பில் கரையும் மருந்துகள் முட்டையின் மஞ்சள் கருவில் போய்த் தங்கும். 2017-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் நடந்ததை நினைவுகூரலாம். நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் பெரிய பண்ணைகளில், நாம் மேலே சொன்ன அதே செம்பூச்சியை ஒழிக்க ஃபிப்ரோனில் என்னும் மருந்து கலந்த கலவையைத் தெளித்துவிட்டார்கள். உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கு அங்கே தடை செய்யப்பட்ட மருந்து அது. முட்டையில் அது இருப்பது தெரிந்ததும் பல நாடுகளின் கடைகளிலிருந்து இலட்சக்கணக்கான முட்டைகளை அகற்ற நேர்ந்தது; பண்ணைகள் மூடப்பட்டன. அங்கே பரிசோதனைச் சாலை இருந்தது, கண்டுபிடித்தார்கள். நம் கொல்லை முட்டையை யார் பரிசோதிக்கிறார்கள்? காலையில் அவித்துப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறோம். மருத்துவர் தரும் மருந்துக்கும் இத்தனை நாள் முட்டை உண்ணலாகாது என்ற விதி இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி, கோழிகளே கோழிகளுக்குச் செய்வது. முதுகிலும் பின்கழுத்திலும் மட்டும் மொட்டையாகி, மற்ற இடமெல்லாம் நன்றாக இருந்தால் சேவலின் வேலை அது. மிதிக்கும்போது அலகால் கழுத்தைப் பற்றும். நகத்தால் முதுகைக் கீறும். பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். நெஞ்சும் அடிவயிறும் மட்டும் வெறுமையாக, கோழி பெட்டியை விட்டு எழாமல் உறுமிக்கொண்டிருந்தால் அது அடைக்கோழி. தோலின் சூடு நேராக முட்டையில் படவேண்டும் என்று இயற்கை செய்துவைத்த ஏற்பாடு அது.

கொத்திப் பிடுங்குவது சற்றுச் சிக்கலானது. நார்வே நாட்டவரான ஷெல்டெரப்-எப்பே என்பவர் சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறித்து வந்தவர். ஒவ்வொரு கூட்டத்திலும் யார் யாரைக் கொத்தலாம் என்று ஓர் ஏணிவரிசை உண்டு என்பதை 1922-ல் அவர் வெளியிட்டார். புதுக்கோழியைக் கூட்டத்தில் விட்ட முதல் வாரம் சண்டை நடப்பது அந்த வரிசையை ஒழுங்குபடுத்தத்தான். அது அடங்கிவிடும். அடங்காதது வேறு: இடநெருக்கடி, சலிப்பு, புரதக் குறைவு ஆகியவற்றால் ஒன்றின் இறகை மற்றொன்று பிடுங்கித் தின்னும் பழக்கம். இதற்குத் துப்பு தரையில் கிடக்கிறது, அல்லது கிடக்காமல் இருக்கிறது. இயல்பாக உதிர்ந்தால் தரையெங்கும் முழு இறகுகள் இறைந்து கிடக்கும். அவற்றின் அடிமுனை காய்ந்து, சுத்தமாக இருக்கும். சேவல் மிதித்ததானால் பாதியில் முறிந்த தண்டுகள் உடலிலேயே நிற்கும். கோழி மொட்டையாகிறது, ஆனால் தரையில் ஓர் இறகும் இல்லை என்றால், யாரோ தின்றுகொண்டிருக்கிறார்கள்! வால் அடியில் இரத்தம் கசிந்தால் அந்தக் கோழியை அன்றே பிரித்து வையுங்கள். இரத்த நிறத்தைக் கண்டால் மற்றவை விடா.

இவையெல்லாம் தனித்தனியாகத்தான் வரும் என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் மாணவி ஒருத்தியின் பாட்டி மூன்று கோழியும் ஒரு சேவலும் வைத்திருந்தார். இரண்டு கோழிக்கு இறகு போய்விட்டது. மூன்றாவது மினுமினுவென்று இருந்தது. செள்ளு பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, கறுப்புக் கோழியைத் தீபாவளிக்கு என்று ஒதுக்கியும் வைத்துவிட்டார். மாலையில் மாணவர்களோடு போய் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். சிவப்புக் கோழிக்கு முதுகு மட்டும் மொட்டை, தண்டுகள் முறிந்திருந்தன. மூன்று கோழிக்கு ஒரு சேவல் என்பதால் வந்த வினை. கறுப்புக் கோழிக்குக் கழுத்தெல்லாம் குருத்து. சிறகை விரித்தால் ஒரே அளவில் மூன்று முள்ளிறகுகள். அது இறகுதிர்ப்பு, அதுவும் நல்ல கோழியின் இறகுதிர்ப்பு. மினுமினுப்பாக நின்ற மூன்றாவது கோழியின் எருவாய் இறகை விலக்கியபோதுதான் பேன் ஓடியது. "அடியம்மா, அழகிகிட்டத்தான் செள்ளா!" என்றார் பாட்டி. கறுப்பியை விட்டுவைக்கச் சொன்னோம். "சரி சார், முட்டை போடலேன்னா உங்களைத்தான் வந்து கேட்பேன்" என்றார். மூன்றாம் மாதம் அது முட்டையிடத் தொடங்கிவிட்டது. சேவலை அவர் உறவினர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

ஒன்றை மறக்கக்கூடாது. இறகு கொட்டினாலும் கோழி ஓடியாடி, இரை எடுத்து, கொண்டை சிவப்பாக அல்லது சற்று வெளிறி இருந்தால் பொறுத்திருக்கலாம். கூனிக்குறுகி நின்று, பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகிக்கொண்டால் அது இறகைப் பற்றிய விவகாரமன்று. வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோயாக இருக்கலாம். பல கோழிகள் திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் அறுக்கவோ, வாய்க்காலில் வீசவோ, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவோ கூடாது. பறவைக் காய்ச்சல் நம் நாட்டில் 2004-ல் கிளந்தானிலும், 2006-ல் செத்தாபாக் பக்கத்திலும், 2007-ல் சுங்கை பூலோவிலும் தலைகாட்டியபோது அது பெரிய பண்ணைகளில் அன்று, கம்பத்துக் கோழிகளிடையேதான் தெரிந்தது. அத்தகைய சாவைக் கண்டால் மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வகை. சில கோழிகளுக்குக் கழுத்தில் இறகு எப்போதுமே இருக்காது, பிறவியிலேயே அப்படித்தான். இந்தியாவில் திருவனந்தபுரம் பக்கத்தில் இவை நிறைய உண்டு. இங்கேயும் அங்கங்கே காணலாம். ஒரே ஒரு மரபணு மாற்றம் இதற்குக் காரணம். பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் அது வந்தால் இறகு ஓரளவு குறையும். இருவரிடமிருந்தும் வந்தால் மேலும் குறையும். வெப்ப நாட்டுக்கு இது வசதியே. உடற்சூடு எளிதில் வெளியேறும், இறகுக்குப் போக வேண்டிய புரதமும் மிச்சமாகும். தாய்க்கோழியின் கழுத்தும் இப்படித்தானா என்று கேட்டுக்கொண்டால் போதும். அதை விட்டுவிட்டு, அந்தக் கழுத்தில் இறகு முளைக்கட்டும் என்று மூன்று மாதம் விளக்கெண்ணெய் தடவிய வீடு ஒன்றும் எங்களுக்குத் தெரியும். கோழி அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளாமல் முட்டையிட்டுக்கொண்டுதான் இருந்தது.